அம்மா லண்டன் பார்க்கப் போன கிழமை

சின்னப் பிள்ளைகளாக ஜேர்மனிக்கு வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இப்போது ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்கு அந்தப் பட்டி ஞாபகம் இருக்கும். யன்னலுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து தொங்கும் சாம்பல் நிறத் துணிப்பட்டி. அதைத் தளர்த்தினால் வெளியே பலகைத் திரை கடகடவென்று இறங்கி அறையை இருட்டாக்கிவிடும். ஜேர்மன்காரர் சொல்வதுபோலவே நாங்களும் அதை றொல்லாடன் என்றோம். கடைசிவரை இறக்காமல் கொஞ்சம் விட்டால் பலகைகளுக்கு இடையிலுள்ள சின்ன ஓட்டைகளால் வெயில் வந்து எதிர்ச் சுவரில் வரிசை வரிசையாகப் பொட்டு வைக்கும். பதினொரு வயதில், ஒரு கோடை விடுமுறையில், மூன்று பின்னேரங்கள் நான் அந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பீலெஃபெல்டில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா பலகைத் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர வேலை. பன்னிரண்டரைக்குப் போனால் பத்து மணிக்குமேல்தான் வருவார். அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். ஊரில் மூன்று வருடம் புவியியல் படிப்பித்தவர். தம்பிக்கு நான்கு வயது.

அந்த வருடம்தான் அம்மாவின் அகதி வழக்கு முடிந்து, நீல நிறப் பயணப் புத்தகம் கைக்கு வந்தது. அப்பாவின் வழக்கு இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. அனுமதி இல்லாமல் அவர் பக்கத்து மாவட்டத்துக்குக்கூடப் போகக்கூடாது. ஒரே வீட்டில் ஒருவர் கடல் தாண்டலாம், மற்றவர் ஊர் எல்லை தாண்ட முடியாது என்பது எனக்கு அப்போது விளையாட்டு விதிபோல இருந்தது. அது அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு அவருடைய வயது வரவேண்டியிருந்தது.

லண்டனில் அம்மாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதி ஒருத்தி இருந்தார். புத்தகம் கிடைத்த செய்தியை எழுதியதும் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பத்து நாள் வந்து நில், எல்லா இடமும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறேன், மற்ற இரண்டு சிநேகிதிகளும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று இருந்தது. அம்மா அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினார். அப்பா வாசித்தார்.

"போட்டு வாருமப்பா," என்றார்.

"பிள்ளையள்?"

"மேல்வீட்டு அக்கா நிக்கிறா தானே. நான் கேக்கிறன்."

மேல்வீட்டு அக்கா எங்களுக்கு நேர் மேலே இருந்தவர். அப்பாவைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பின்னேரங்களில் கீழே வந்து எங்களோடு இருப்பதாக உடனே ஒப்புக்கொண்டார். தன்னுடைய பிரயாணப் பையையும் அம்மாவுக்குக் கொடுத்தார். அதனால் இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தில் வழியனுப்பினோம். கொலோன் போய், அங்கிருந்து பஸ்ஸில் லண்டன். ரயில் வந்ததும் அம்மா எங்கள் இருவரையும் கொஞ்சினார். தம்பி அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பா அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தார். அம்மா ஏறி யன்னலோரம் இருந்தார். ரயில் நகர்ந்தபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை. முன்னால், ரயில் போகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. யாரோ ஒரு இளம் பெண்ணின் முகம்போல இருந்தது.

முதலாம் நாள், திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, சொல்லிவைத்தபடி தொலைபேசி அடித்தது. மேல்வீட்டு அக்கா எடுத்துக் கதைத்துவிட்டு என்னிடம் தந்தார்.

"பிள்ளை, இஞ்சை ஒரு பாலம் இருக்குது. கப்பல் வந்தா நடுவாலை ரெண்டாப் பிரிஞ்சு மேலை எழும்பும். வாயைத் திறக்கிற மாதிரி."

"பாத்தீங்களோ அம்மா?"

"ஓம், ஓம். தம்பி சாப்பிட்டவனோ?"

இரண்டாம் நாள், உயரமான கறுப்புத் தொப்பி போட்ட காவல்காரர்களைப் பற்றிச் சொன்னார். அவர்கள் சிரிக்கவே மாட்டார்களாம். ராணி யன்னலால் எட்டிப் பார்த்தாரா என்று தம்பி கேட்டான். அம்மா சிரித்தார். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. தெருவில் யாருடையதோ என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மேல்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணை, குறை நினையாதேங்கோ," என்றார். தன்னைவிட இளையவரென்றாலும் அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "எங்கடை இவர் விரும்புறாரில்லை. நான் இஞ்சை இருந்து பிள்ளையளைப் பாக்க, அவ அங்கை ஊர் பாத்துக்கொண்டு திரியிறாவோ எண்டு கேக்கிறார். சனமும் கதைக்குது."

"என்னெண்டு கதைக்குது?"

"எனக்கேன் அந்தக் கதை. கையிலை புத்தகம் இருக்கு. அங்கை சிநேகிதியள் இருக்கினம். போன ஆள் திரும்பி வந்தால் எல்லாருக்கும் சந்தோசம்தானே."

அப்பா கதவைச் சாத்திவிட்டு அதே இடத்தில் நின்றார். அவர் கையில் எனக்குத் தலை இழுக்க எடுத்த சீப்பு இருந்தது. பிறகு வந்து தலையை இழுத்தார், அன்றைக்கு மிகவும் இறுக்கமாக. நோகுது என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

வேலைக்குப் போகாமல் நிற்க அவரால் முடியாது. வழக்கு நடக்கிறபோது வேலையும் போனால் என்னவாகும் என்ற பயம். வேறு யாரிடமும் கேட்கவும் மாட்டார். கேட்டால் மேல்வீட்டு அக்கா சொன்னதையே இன்னொரு வாசலில் கேட்கவேண்டி வரும். பன்னிரண்டு மணிக்கு எங்கள் இருவரையும் கதிரையில் இருத்திவைத்துச் சொன்னார்.

"நான் கதவைப் பூட்டிப்போட்டுப் போவன். ஆர் மணி அடிச்சாலும் சத்தம் போடக்கூடாது. ரெலிபோன் அடிச்சாலும் எடுக்கக்கூடாது."

"அம்மா அங்கையிருந்து எடுத்தால்?"

"ஆர் எடுக்கினம் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? ஒஃபீஸிலையிருந்தும் எடுப்பினம். பிள்ளையளைத் தனிய விட்டிருக்கெண்டு தெரிஞ்சால் யூகண்ட்அம்ற்றிலையிருந்து வந்து உங்களைக் கொண்டுபோயிடுவாங்கள்."

யூகண்ட்அம்ற் என்பது பிள்ளைகளைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகம். அதைப் பற்றி எங்கள் ஆட்களிடையே உலவிய கதைகள் உங்களுக்குத் தெரியும். நானும் தம்பியும் பேய்க்குப் பயந்ததில்லை, அதற்குப் பயந்தோம்.

அப்பா றொல்லாடன்களை இறக்கினார். தொழிற்சாலையின் இலக்கத்தை ஒரு துண்டில் பெரிதாக எழுதித் தொலைபேசிக்குக் கீழே வைத்தார். ஆபத்தென்றால் மட்டும் நான் அவருக்கு எடுக்கலாம். வெளியே போய்ச் சாவியை இரண்டு தரம் திருப்பினார். அந்தச் சத்தத்தோடு வீடு சுருங்கியது.

வெளியே நல்ல வெயில். முற்றத்தில் துருக்கிப் பிள்ளைகளும் ஜேர்மன் பிள்ளைகளும் பந்தடித்தார்கள். பந்து சுவரில் மோதுகிற ஒவ்வொரு முறையும் எங்கள் அறைக்குள் தும் என்று கேட்டது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. பிறகு கூப்பிடவில்லை. உள்ளே இரவு பொரித்த கத்தரிக்காயின் மணம் போக வழியில்லாமல் நின்றது. கீழ்வீட்டுக் கிழவி சத்தம் பொறுக்கமாட்டார், கூட்டுகிற தும்புத்தடியால் கீழிருந்து கூரையில் இடிப்பார். அதனால் காலுறையோடு நடந்தோம். பாணில் மாஜரீனும் சீனியும் போட்டுத் தம்பிக்குக் கொடுத்தேன். கட்டிலை பஸ் ஆக்கி லண்டன் போனோம். அவன் சாரதி. எத்தனை தரம் போனாலும் சுவரில்தான் போய் முட்டினோம்.

நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

உங்களில் யார் வீட்டிலும் இருந்திருக்கும், அந்த மங்கிய பச்சைத் தொலைபேசி. நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னால் நிலத்தில் இருந்தோம். தம்பி, "அம்மா," என்றான். நான் விரலை வாயில் வைத்துக் காட்டினேன். இருபது தரம் இருக்கும், அடித்து நின்றது. கால் மணித்தியாலத்தில் மறுபடியும். ஐந்து மணிக்கு ஒரு தரம். ஒவ்வொரு முறை நின்றபோதும் வீட்டில் ஒரு ஆள் குறைந்ததுபோல இருந்தது.

அன்றைக்கு அப்பா எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. காலையில் எழும்பிப் பார்த்தால் தொலைபேசி வயர் சுவரிலிருந்து கழற்றிக் கிடந்தது. அப்பா கதிரையிலேயே நித்திரையாகியிருந்தார்.

"அம்மா எடுத்தவ போலை, அப்பா."

"எடுக்கட்டும். அங்கை நிண்டு என்ன கதை வேண்டிக் கிடக்கு."

வேலைக்குப் புறப்படும்போதுதான் வயரைத் திரும்பக் கொழுவினார். அவர் நிற்கிற நேரம் தொலைபேசி அடிக்காது. அடிக்கிற நேரம் அதை எடுக்க எங்களுக்கு அனுமதியில்லை. இன்றைக்கு இதை எழுதும்போது எவ்வளவு மடைத்தனமாகத் தெரிகிறது.

நான்காம் நாள் தம்பிக்குப் பொறுக்கவில்லை. கதவுக்கு முன்னால் படுத்துக் காலால் உதைத்து அழத் தொடங்கிவிட்டான். சிறிது நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் கீழ்வீட்டுக் கிழவியின் குரல். பிள்ளைகளே, எல்லாம் சரியா, அம்மா இருக்கிறாவா என்று கேட்டார். தம்பி என் உள்ளங்கையைக் கடித்தான். நான் கையை எடுக்கவில்லை. கிழவி இன்னொரு தரம் கேட்டார். கதவில் மெல்லத் தட்டினார். பிறகு படியிறங்கும் சத்தம், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. இனி வாகனம் வரும், கொண்டுபோவார்கள் என்று நினைத்து எங்கள் இருவருடைய சப்பாத்துகளையும் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தேன். சப்பாத்து இல்லாமல் கூட்டிப்போக மாட்டார்கள் என்று ஒரு எண்ணம். வாகனம் வரவில்லை. அந்த மனுசிக்குக் கதவைத் திறந்திருந்தால் அந்தக் கிழமையே வேறாகியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. கேக் ஒன்று தந்து, தன்னுடைய யன்னலோரம் எங்களை இருத்திவைத்திருப்பார்.

அன்றைக்கும் நான்கு மணிக்கு அடித்தது. தம்பி அழுது களைத்து, குசினி நிலத்தில் படுத்துக்கொண்டு ஏதோ பாலர் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தான். என்னுடைய கை கடிபட்டு வீங்கியிருந்தது. அந்தக் கையால்தான் எடுத்தேன்.

"ஹலோ?" என்றது அம்மாவின் குரல். "ஹலோ, பிள்ளை? ஆர் அது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கக்கூடாது என்ற சொல்லை மீறிவிட்டேன். பேசவும் செய்தால் அது இன்னும் பெரிய பிழையாகிவிடும் என்று பயந்தேன். அம்மா இன்னொரு தரம், "பிள்ளை?" என்றார். நான் வைத்துவிட்டேன். அதன்பிறகு தொலைபேசி அடிக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் இரண்டு மணியிருக்கும். பூட்டில் சாவி திரும்பியது. அப்பா வரும் நேரமில்லை. நான் தம்பியை இழுத்துக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். வந்தது அம்மா. மேல்வீட்டு அக்காவின் பையைக் கீழே வைத்துவிட்டு, இருட்டுக்குள் கண் தெரியாமல் நின்றார். பிறகு நேரே போய்ப் பட்டியைப் பிடித்து இழுத்தார். ஒரு யன்னல், அடுத்த யன்னல், குசினி யன்னல். வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசி நீர் வந்தது. அம்மா என் கையைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்களைக் குளிக்க வார்த்து, முற்றத்துக்கு அனுப்பினார்.

அடுத்த நாள் காலை அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்தார். அம்மா எதிரே இருந்தார்.

"பத்து நாளெண்டெல்லோ போனனீர்?"

"நாலு மணிக்கு அடிச்சன். அஞ்சுக்கு அடிச்சன். ரெண்டு நாளாய் ஒருத்தரும் எடுக்கேல்லை. பிள்ளையளுக்கு என்னவோ எண்டு வந்திட்டன்."

அப்பா தலை குனிந்தார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரிந்தது, ஒருத்தரும் எடுக்கவில்லை என்பது உண்மையில்லை என்று. அம்மா என்னைக் காட்டிக்கொடுக்காமல் விடுகிறார் என்று நினைத்தேன். நான் எடுத்துப் பேசாமல் வைத்ததால்தான் பயந்து ஓடிவந்தார், அவருடைய லண்டனைக் கெடுத்தது நான்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவும் அதே மூட்டையைத்தான் சுமந்தார். அதன்பிறகு அவர் எங்களைப் பூட்டவில்லை. அம்மா எங்கே போவதென்றாலும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மா காரோட்டப் பழகினார், மாலை வகுப்புக்குப் போனார், முதியோர் இல்லத்திலேயே தாதியாகப் பயிற்சி எடுத்தார். எல்லாவற்றுக்கும் அப்பா, "செய்யும்," என்பார். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் லண்டன் என்று வாயெடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம், "கொம்மாவை ஒருக்கா லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போ, பிள்ளை. நான் பழுதாக்கிப்போட்டன்," என்றார். கூட்டிப்போகட்டுமா என்று நானும் அம்மாவிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "இனி முழங்கால் ஏலாது," என்பார்.

போன மாரிகாலத்தில் லண்டன் சிநேகிதி இறந்துவிட்டார். அவருடைய மகள் அம்மாவின் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். இறுதி நிகழ்வில் போடுவதற்குப் பழைய சிநேகிதிகள் சில வார்த்தை பேசிப் பதிவு செய்து தரவேண்டும் என்று. அம்மா இரண்டு நாளாக அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நான் போனபோது குசினி மேசையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அருகில் இருந்து உதவினேன். எப்படி வந்ததோ, சொல்லிவிட்டேன்.

"அம்மா, அண்டைக்கு ரெலிபோனை எடுத்தது நான்தான்."

"தெரியும்," என்றார், கத்தியை நிறுத்தாமல். "பின்னாலை தம்பி பாடினது கேட்டது. நீங்கள் சுகமாத்தான் இருக்கிறியள் எண்டு விளங்கிச்சு."

"அப்ப ஏன் உடனை வந்தனீங்கள்?"

அம்மா வெட்டிய லீக்ஸைக் கிண்ணத்துக்குள் தள்ளினார்.

"லண்டனிலை போய் இறங்கின அண்டைக்கே அவள் அழுதவள். கைப்பிள்ளையைப் பாத்த மனுசி வேலையாலை நிண்டிட்டா. புருசன் வேறை நாட்டிலை. லீவு கேட்டால் வேலை போயிடுமாம். ரெண்டு நாளைக்குப் பாரடி எண்டாள். என்னெண்டு மாட்டன் எண்டுறது? ரெண்டு நாள் நாலு நாளாச்சு. காலமை ஏழு மணிக்குப் போவாள். மற்ற ரெண்டு பேரும் எட்டியும் பாக்கேல்லை. பிள்ளைக்குச் சளி, வெளியிலை கொண்டுபோக ஏலாது. வீட்டுத் திறப்பும் ஒண்டுதான், அந்தச் சாவி அவளிட்டை."

"அப்ப அந்தப் பாலம்? தொப்பி போட்ட ஆக்கள்?"

"அவளின்ரை குசினியிலை ஒரு கலண்டர் தொங்கினது. மாசத்துக்கு ஒரு படம்."

பதினொரு வயதில் நான் ஒரு இருட்டறைக்குள் இருந்து நினைத்துக்கொண்டிருந்த அம்மா, ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தவர். அப்படி ஒருவர் இருக்கவே இல்லை.

"அப்பாவிட்டைச் சொல்லியிருக்கலாம்," என்றேன். "அந்த மனுசன் சாகுமட்டும் தன்னாலைதான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவர்."

"சொல்லியிருக்கலாம்." மேசையில் சிந்திய லீக்ஸ் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். "சொன்னால், பாத்தீரோ நான் அப்பவே நினைச்சன் எண்டு எல்லாரும் தொடங்கியிருப்பினம். அவர் அப்பிடி நினைச்சதாலை எனக்குக் கொஞ்சக் கதவு திறந்தது. பிறகு, எப்ப சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"எனக்கு?"

"நீ கேட்டனீயோ?"

கோபம் வந்தது எனக்கு. மறைக்கவில்லை. அம்மாவும் அதைப் பார்த்தார். எழும்பி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து திரும்ப இருந்தார்.

"வெளிக்கிட்ட அண்டைக்கு ஒண்டு செய்தனான்," என்றார். "அவள் ஆறு மணிக்கு வந்தாள். பிள்ளையைக் கையிலை குடுத்தன். வீட்டிலை தம்பிக்குச் சுகமில்லையாம் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் பையைத் தூக்கினன். கொலோன் பஸ் வெளிக்கிட மூண்டு மணித்தியாலம் கிடந்தது. நேரை அங்கை போகேல்லை. றோட்டிலை வந்த முதல் ரெண்டுதட்டு பஸ்ஸிலை ஏறி, மேல்தட்டிலை முன் சீற்றிலை இருந்தன். எங்கை போகவேணும் எண்டு கண்டக்டர் கேட்டான். கடைசி மட்டும் எண்டன்."

"என்ன பாத்தீங்கள்?"

"மரக்கொப்பு வந்து கண்ணாடியிலை அடிச்சது. ஒரு வீட்டு மேல்மாடியிலை ஒருத்தர் நிண்டு சேட் அயன் பண்ணினார். ஒரு பாலத்தாலையும் போனது. என்ன பாலமோ, பேர் தெரியாது. நல்ல வெயில், பிள்ளை. கடைசி ஸ்ரொப்பிலை இறங்கேல்லை, அதே பஸ்ஸிலை திரும்பி வந்தன். அவ்வளவு நேரமும் நான் எங்கை எண்டு உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாது."

கைத்தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதை எப்பிடிப் பதியிறது?"

அழுத்திக் கொடுத்தேன். அம்மா தொண்டையைச் செருமினார். தான் நான்கு நாள் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அந்தக் கைப்பிள்ளைக்குத்தான் பேசினார்.

"பிள்ளை, நான் ஜேர்மனியிலையிருந்து கதைக்கிறன். உங்கடை அம்மாவும் நானும் ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். ஒருக்கா லண்டனுக்கு வந்தனான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் அப்ப சரியான சின்னன். உங்கடை அம்மா வேலைக்கு லீவு போட்டு எனக்கு லண்டன் முழுக்கக் காட்டினவ. ஒரு இடம் விடேல்லை."